புகையில்லாத கங்கு

தம்பி,

நேற்று நீ வீடியோவில் அந்த ஹீட்டரைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பக்கத்தில் மருமகளும் நின்றாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண், மாமனாருக்கு என்ன கோபமோ என்று தவித்திருப்பாள். கோபமில்லை என்று அவளிடம் சொல்லு. கொடைக்கானலுக்கு மேலே டென்ட் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிறோம், மார்கழிக் குளிர் அங்கே எலும்பைக் குடையுமாம் என்று நீ சொன்னது வரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு அந்தச் சின்ன சிலிண்டரைத் தூக்கிக் காட்டி, "புகை கெடையாதுப்பா, வாடையும் கெடையாது. டென்டுக்குள்ளயே பத்த வச்சிட்டு ஜிப்பை மூடிட்டுப் படுத்திரலாம்" என்றாய் பார், அதோடு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு வரியில் முடிகிற சமாசாரம் இது. டென்டுக்குள் அதைப் பற்றவைக்காதே. வாட்ஸ்அப்பில் இதை அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அங்கே போய்ப் பல் தந்தியடிக்கும்போது, அப்பா எதற்கெடுத்தாலும் பயப்படுவார் என்று சொல்லிப் பற்றவைத்தும் விடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் காரணம் சொல்லாமல் உன்னை ஒரு சட்டைகூடப் போடவைக்க முடிந்ததில்லை. இதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் பதினெட்டு வருஷமாக உன் அம்மாவிடம் நான் மறைத்து வைத்திருப்பதும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். அதற்குப் பயந்து நேற்று ராத்திரி முழுக்கச் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. நீ கிளம்ப இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

உன் கல்யாணத்திலிருந்தே தொடங்குகிறேன். அம்பாசமுத்திரத்தில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினாய். கெட்டிமேளம் முழங்கும்போது கண்ணால் அம்மாவைத் தேடினாய். அவள் கோயிலுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முட்டுவலி, படி ஏற முடியாது என்றாள். அந்தக் கோயிலுக்கு இருப்பதே மூன்று படி. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நீ பொறுக்கமாட்டாமல், "பெத்த புள்ள கல்யாணத்துக்கு மூணு படி ஏற முடியாதாம்மா?" என்று கேட்டாய். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே, "போட்டோவுல பாத்துக்கிடுதேன்யா" என்றாள். அவளுக்கு முட்டில் ஒரு குறையும் இல்லை. தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கின கால் அது. இருபத்திரண்டு வருஷமாக அவள் எந்தக் கோயில் வாசலையும் தாண்டியதில்லை, உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டபோதுகூடத் தெருவில் நின்றுதான் கும்பிட்டாள். தன் தீட்டினால்தான் தன் தம்பி செத்தான் என்று அவள் நம்புகிறாள். அவன் செத்தது என்னால்.

நான் மாஞ்சோலையில் தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கிற டிரையருக்கு நெருப்புப் போட்டவன். அடைமழைக் காலத்தில் வேலை முடிந்து வரும்போது டிரையர் அடுப்பிலிருந்து ஓர் இரும்புச் சட்டி நிறையக் கங்கு அள்ளிக்கொண்டு வருவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஏழெட்டு அதற்காகக் காத்திருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் சட்டியில் வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துக் குளிர்காய்வார்கள். கங்கு பொறுக்குவதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. பாதி எரிந்த கட்டையைத் தொடமாட்டேன். அது புகையும், கண் எரியும், பிள்ளைகள் இருமும். உள்வரைக்கும் பழுத்து, ஓர் இழை புகைகூட இல்லாமல் கிடக்கிறதை மட்டும்தான் எடுப்பேன். "அண்ணன் கொண்டுவார தீயில ஒரு பொட்டு புகை இருக்காது. பச்சப்புள்ள கட்டிலுக்கடியிலகூட வைக்கலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள், அப்படி வைக்கவும் செய்தாள். புகைதான் ஆளைக் கெடுக்கும், புகை போய்விட்டால் நெருப்பு சுத்தம் என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீடுகளில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி, கதவுக்கு அடியில் ஒரு பூனை நுழையும். சில்லென்று காற்று வருகிறதே என்று தினமும் அந்தச் சந்துகளைத் திட்டிக்கொண்டே இருந்தோம். எங்களைப் பிழைக்கவைத்ததே அவைதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

உனக்கு மூன்று வயது நடக்கும்போது ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக்குப் போனோம். அந்தச் சமயத்தில் காட்டுக்குள் அய்யனார் கோயிலைச் சுற்றி, ஆற்றங்கரை முழுக்கத் தார்ப்பாய்க் குடில் போட்டு, குடும்பம் குடும்பமாக நாலைந்து நாள் தங்குவார்கள். நீங்கள் இப்போது ஆசைப்பட்டுப் போகிற டென்ட் வாசமெல்லாம் நம் ஆட்களுக்குப் புதிதல்ல. உன் தாய்மாமன் முத்துப்பாண்டியும் எங்களோடு வந்திருந்தான். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. இருபத்துமூன்று வயது, ஏரலில் வாழைத்தோட்டத்தில் வேலை. பூக்குழி இறங்கித் தீ மிதிப்பதற்காக மாலை போட்டு விரதம் இருந்தான். நீ அவன் தோளைவிட்டு இறங்கவே மாட்டாய், சாப்பாடுகூட அங்கேதான். சாரல் விடாமல் அடித்தது. ஏரல்காரனுக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை. ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு, "அத்தான், இந்தக் குளிருல எப்படித்தான் குடும்பம் நடத்துதியளோ" என்று சிரிப்பான்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு வந்துட்டு" என்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. விரதக்காரன் தங்குகிற குடிலில் தூரமான பெண் இருக்கக் கூடாது என்பது முறை. ஆனால் எங்களை ஏற்றிப்போகிற வேன் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். "பேசாம இரு. யார்ட்டயும் சொல்லாத. கோயில் பக்கம் மட்டும் போகாத" என்று சொன்னது நான்தான். "தம்பி விரதத்துல இருக்கானே" என்று அவள் முனகினாள். "ஒண்ணும் ஆவாது, நான் சொல்லுதேன்லா" என்று அதட்டினேன். அவளுக்கு மனம் ஒப்பவில்லை, இருந்தாலும் என் பேச்சைக் கேட்டாள்.

மதியம் ஆற்றில் குளித்துவிட்டு வந்த உன் மாமாவுக்கு உதறல் நிற்கவில்லை. உடம்பு லேசாகச் சுட்டது. மறுநாள் பூக்குழி இறங்க வேண்டியவன். "செத்த நேரம் படுத்து எந்தி மாப்ள" என்று குடிலுக்குள் படுக்கவைத்தேன். வெளியே சமையலுக்கு எரித்த அடுப்பிலிருந்து என் வழக்கப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சட்டி நிறையக் கங்கை எடுத்து அவன் கால்மாட்டில் வைத்தேன். சாரல் உள்ளே அடித்ததால் தார்ப்பாயின் ஓரத்தையெல்லாம் இழுத்துவிட்டு, அதன்மேல் கல் வைத்து, சந்தில் ஈரமண்ணை அப்பினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தத் திருப்தி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போல் வருகிறது. நீயும் உன் அம்மாவும் உள்ளேதான் இருந்தீர்கள். உன்னை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் பூக்குழிக்கு விறகு அடுக்குகிற ஆட்களுக்குக் கைகொடுக்கப் போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே தள்ளாடி நிற்கிறாள். "தலை கனக்கு. குமட்டுது. பிள்ளையும் துவண்டு துவண்டு விழுதான்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ அவள் தோளில் வாந்தி எடுத்தாய். தீட்டோடு உள்ளே இருந்த தன்னைச் சாமி வெளியே துரத்துகிறார் என்றே அவளுக்குப் பட்டதாம். ஆற்றோரத்தில் ஒரு மரத்தடியில் சாரலில் நனைந்தபடி உன்னை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "முத்துப்பாண்டி?" என்று கேட்டேன். "நல்லா ஒறங்குதான். எழுப்பாதிய, பைய எந்திக்கட்டும்" என்றாள். நானும் எழுப்பவில்லை. அவள் வெளியே வந்த இடத்தில் தார்ப்பாய் விலகிக் கிடந்தது. சாரல் உள்ளே போகுமே என்று அதையும் இழுத்து மூடி, ஒரு பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கி வைத்துவிட்டு மறுபடியும் விறகு அடுக்கப் போனேன்.

நாலு மணிக்குச் சுக்குக் காபி எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது, உதடு வெற்றிலை போட்டவனுக்கு இருப்பதுபோல் இருந்தது. காய்ச்சல் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். கையைத் தூக்கினேன், அது பொத்தென்று விழுந்தது. அப்புறம் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. "மொகத்தைப் பாருங்கவே, எம்புட்டு களை. அய்யனாரு கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார் ஒருவர். அவர் பின்னால் நின்ற ஒருத்தி, "விரதக்காரன் இருந்த குடிலுல தீட்டு பட்டிருக்கு. இல்லாட்டா இப்படி ஆவாது" என்றாள். உன் அம்மா காதில் அது விழுந்தது. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. ஜீப்பில் ஏற்றி ஏரலுக்குக் கொண்டுபோனோம். உன் அம்மாவின் அப்பா, மகன் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "விரதத்துல என்னலே தப்பு செஞ்ச? என்ன செஞ்ச சொல்லு" என்று பிணத்தைப் பிடித்து உலுக்கினார். உன் அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். சட்டியில் சாம்பல் பூத்துக் கிடந்த கங்கை நான் கிளம்பும்போதே ஆற்றில் கொட்டியிருந்தேன். அதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை, நானும்தான்.

நாலு வருஷம் கழித்து டிரையரின் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. சரிபார்க்கத் தூத்துக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வந்ததும் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொல்லி, எங்களை ஒரு மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டார். "புகையே இல்லையே அண்ணாச்சி, என்னத்துக்கு இப்படிப் பயப்படுதிய?" என்று நான் கேலி செய்தேன். "புகைன்னா கண்ணு எரியும், இருமும், நீரே எந்திச்சு ஓடிருவீரு. இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது வே. கார்பன் மோனாக்சைடுன்னு பேரு. தலை கனக்கும், குமட்டும், அப்பொறம் ஒறக்கமா வரும். ஒறங்குனவன் எந்திக்க மாட்டான். செத்த பொறவும் மொகம் செவந்து, ஒறங்குத மாதிரியே கெடப்பான்" என்றார். "நெருப்பு நல்லா பழுத்து, புகை அடங்கிட்டா வராதுல்லா?" என்று கேட்டேன். "நல்லாச் சொன்னீரு. அடைச்ச எடத்துல கரிக்கங்குதான் மோசம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். தலை கனக்கு, குமட்டுது என்று உன் அம்மா சொன்ன அதே வார்த்தையை யாரோ எழுதிக் கொடுத்தது போல அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்று சாயந்திரமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா உனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். "என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "டிரையர் சூடு" என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. அவள் மாதாமாதம் அந்த மூன்று நாளும் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொல்லையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, உன்னைப் பக்கத்தில் வரவிடமாட்டாள். நீ அம்மா அம்மா என்று கதவைத் தட்டி அழுவாய். "தம்பிக்கு ஆனது இவனுக்கும் ஆயிரக் கூடாது, பிடிச்சுக்கிடுங்க" என்பாள். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மிட்டாய் வாங்கிக் கொடுப்பேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் எழுந்து உள்ளே வந்து உன்னைத் தூக்கியிருப்பாள். சொன்னால் என் முகத்தில் விழிப்பாளா என்ற பயத்தில் அந்த வாக்கியத்தை விழுங்கினேன். வீட்டின் நிம்மதிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருடைய நிம்மதி? எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையைவிட்டு இறங்கி, நாங்கள் கல்லிடைக்குறிச்சியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் கோழை என்பதை நீ என் வாயாலேயே தெரிந்துகொள்.

இனி நான் சொல்வதற்குக் காது கொடுப்பாய் என்று நம்புகிறேன். கேஸ் ஹீட்டரோ, கேஸ் அடுப்போ, கரிச்சட்டியோ, எது எரிந்தாலும் டென்டுக்குள் வேண்டாம். ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று உன் சிநேகிதன் எவனாவது சொல்லுவான். அந்தத் திறப்பை மூடுவதற்கு என்னைப்போல் ஒரு புத்திசாலி எங்கும் இருப்பான். கறி சுட்ட கரி அடங்கிவிட்டது, சாம்பல் பூத்துவிட்டது என்று சொல்லி அதை உள்ளே தூக்கி வராதே, டென்டை ஒட்டியும் வைக்காதே. காரை ஓடவிட்டு உள்ளே படுக்காதே. கம்பளி எடுத்துப் போ, கீழே விரிக்கத் தடிமனாக ஏதாவது எடுத்துப் போ, பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் தலை கனக்கிறது என்றோ குமட்டுகிறது என்றோ சொன்னால், மலை ஏறின அசதி என்று படுக்கவைத்துவிடாதே. இரண்டு பேரும் அந்த நிமிஷமே வெளியே வந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாராவது அசந்து உறங்கினால் எழுப்பிப் பார். உறக்கம் கெட்டதற்குத் திட்டினால் திட்டட்டும். இந்த வாயு வந்தால் சத்தம் போடுகிற கருவி விற்கிறார்களாம். வாங்கிக்கொள், ஆனால் அதை நம்பி ஹீட்டரை உள்ளே வைக்காதே.

இதுவரைக்கும் எழுதி நேற்று மடித்துவைத்தேன். அவளுக்கு முன்னால் உனக்குத் தெரிவது இன்னொரு துரோகம் என்று பட்டது. இன்று காலை அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்து சொன்னேன். கங்கு, தார்ப்பாய், நான் தூக்கிவைத்த கல், மெக்கானிக் சொன்னது, எல்லாம். அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, "அப்ப என்னால இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்கு வந்ததுக்கும் அவன் போனதுக்கும் ஒண்ணுமே இல்லையா?" இல்லை என்றேன். இன்னும் ஒரு தடவை கேட்டாள். அப்புறம், "நீங்க எப்ப அறிஞ்சிய?" என்றாள். "இவனுக்கு ஏழு வயசுல." கையிலிருந்த கீரைக் காம்பை முறத்தில் போட்டுவிட்டு, "பதினெட்டு வருசம்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உனக்குப் போன் போட்டாள்.

"ஏய்யா, அந்த அடுப்பைத் தூக்கித் தூரப் போடு. டென்டுக்குள்ள வைக்கவே கூடாது, கேட்டியா? புகை இல்லாட்டாலும் ஆளைக் கொல்லுமாம். உங்க அப்பாட்ட யாரோ சொன்னாவளாம், அதான் அன்னைக்குப் பயந்துபோயி எந்திச்சுட்டாவ" என்று அவள் சொன்னதை நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். அதற்கு மேல் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. போனை வைத்துவிட்டு இரண்டு சேலையை எடுத்துப் பையில் போட்டாள். "எங்க அப்பாட்ட போறேன். அவன் ஒரு தப்பும் செய்யலன்னு அவரு சாகுததுக்குள்ள தெரிஞ்சுக்கிடணும். நீங்க வராதிய" என்றாள். இந்நேரம் ஏரல் போய்ச் சேர்ந்திருப்பாள். எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது.

நீ போனில் "சரிம்மா, வைக்கல" என்றது எனக்கும் கேட்டது. அம்மா பேச்சை நீ தட்டமாட்டாய், அதனால் உனக்கும் மருமகளுக்கும் இனி பயமில்லை. இந்தக் கடிதம் உனக்குத் தேவையும் இல்லை. நான் இதைக் கிழித்துப் போட்டுவிட்டால் நீ சாகும்வரை ஒன்றும் அறியமாட்டாய், அவளும் உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். அதற்காகவேதான் இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று உன் அம்மா சொன்னதை நம்பாதே, தம்பி. உன் மாமா படுத்திருந்த குடிலை இழுத்து மூடிக் கல் வைத்தவன் நான்.

அப்பா